பனிவிரிப்புகள் உருகியபோது பூமியின் பருவநிலைச் சுழற்சிகளுக்கு என்ன ஆயிற்று? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே 'சுழற்சி' என்பது எது? எல் நினோவா, பனியுகமா?

இரண்டுக்கும் நடுவில் இருப்பது. பூமியின் சுற்றுப்பாதையும் அச்சுச் சாய்வும் மாறுவதால் வரும் மிலன்கோவிச் சுழற்சிகள் ஏறத்தாழ 23,000, 41,000, 1,00,000 ஆண்டு நீளமுள்ளவை. பனியுகங்களின் வரவையும் போக்கையும் அவை வழிநடத்துகின்றன. அவற்றுக்குள்ளேயே, சில நூறு ஆண்டுகள் முதல் சில ஆயிரம் ஆண்டுகள் வரை நீடித்த திடீர் ஏற்ற இறக்கங்களும் உண்டு. டான்ஸ்கார்ட்–ஓஷ்கர் நிகழ்வுகள், ஹைன்ரிக் நிகழ்வுகள், யங்கர் டிரையஸ், 8,200 ஆண்டுகளுக்கு முந்தைய குளிர்ச்சி ஆகியவை இந்த வகை. பனி உருகிய நீரின் கைவரிசை மிகத் தெளிவாகத் தெரிவது இவற்றில்தான். இந்தப் பக்கம் பெரும்பாலும் இவற்றைப் பற்றியது.

அப்போது எந்தெந்தப் பனிவிரிப்புகள் இருந்தன?

சுமார் 21,000 ஆண்டுகளுக்கு முன், கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில், கனடாவின் பெரும்பகுதியையும் அமெரிக்காவின் வட எல்லையையும் லாரன்டைடு பனிவிரிப்பு மூடியிருந்தது. சில இடங்களில் அதன் தடிமன் 3 கி.மீ. ஸ்காண்டிநேவியாவின் மேல் தனியாக ஒரு பெரிய விரிப்பு. கிரீன்லாந்தும் அண்டார்டிகாவும் இன்றைவிடப் பருத்திருந்தன. இவ்வளவு நீர் நிலத்தில் பனியாகக் கிடந்ததால் கடல்மட்டம் இன்றைவிட 120 முதல் 130 மீட்டர் வரை தாழ்ந்திருந்தது. பாக் நீரிணை ஆழமற்றது என்பதால், தமிழகமும் இலங்கையும் அக்காலத்தில் ஒரே நிலம்.

உருகிய நீர் கடலில் கலந்தால் தட்பவெப்பம் ஏன் மாற வேண்டும்?

அட்லாண்டிக்கின் மேற்பரப்பில் வெப்பமான, உப்பு மிகுந்த நீர் வடக்கே ஓடுகிறது. கிரீன்லாந்து, நார்வே அருகே அது வெப்பத்தைக் காற்றுக்குக் கொடுத்துவிட்டுக் குளிர்ந்து, கனத்து, ஆழத்தில் இறங்கித் தெற்கே திரும்புகிறது. அமோக் என்று சுருக்கமாக அழைக்கப்படும் சுழற்சி இதுதான். 26.5 டிகிரி வட அட்சத்தில் 2004 முதல் இதைக் கருவிகள் கொண்டு அளந்துவருகிறார்கள். சராசரி ஏறத்தாழ 17 ஸ்வெர்ட்ரப். ஒரு ஸ்வெர்ட்ரப் என்பது நொடிக்கு 10 லட்சம் கன மீட்டர் நீர். அமேசான் ஆற்றின் மொத்த ஓட்டம் சுமார் 0.2 ஸ்வெர்ட்ரப்தான்.

நீர் மூழ்குவதற்கு அடர்த்தி வேண்டும். குளிர்ந்த கடலில் அடர்த்தியைத் தீர்மானிப்பதில் வெப்பத்தைவிட உப்புக்கே செல்வாக்கு அதிகம். ஒரு கிலோ கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கும். அது 34 கிராமாகக் குறைந்தால் ஒரு கன மீட்டர் நீரின் எடை ஏறத்தாழ 0.8 கிலோ குறைகிறது. 5 டிகிரி செல்சியஸில் உள்ள நீரை உறைநிலையான மைனஸ் 1.9 வரை குளிர்வித்தாலும் கூடும் எடை சுமார் 0.5 கிலோதான். ஆக, ஒரு கிராம் உப்பு இழப்பைக் குளிரால் ஈடுகட்ட முடிவதில்லை. நீர் மூழ்காமல் மேலேயே கிடந்து உறைகிறது. கடல்பனி விரிந்ததும் அடியில் உள்ள வெப்பம் காற்றுக்கு எட்டாமல் போகிறது. வெள்ளைப் பரப்பு சூரிய ஒளியையும் திருப்பி அனுப்புகிறது.

இதற்கு மேல் ஒரு சிக்கல் உண்டு. சுழற்சி தளர்ந்தால் தெற்கிலிருந்து வரும் உப்பும் குறைகிறது. உப்பு குறைந்தால் சுழற்சி மேலும் தளர்கிறது. ஹென்றி ஸ்டோமல் 1961-இல் இரண்டே பெட்டிகள் கொண்ட ஓர் எளிய கணித மாதிரியில் இதைக் காட்டினார். சுழற்சிக்கு ஓடும் நிலை, படுத்த நிலை என்று இரண்டு நிலைகள் இருக்க முடியும் என்பதும், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போன வழியே திரும்பி வர முடியாது என்பதும் அதிலிருந்தே தெரியவந்தன.

எவ்வளவு நீர் வந்தால் இது நடக்கும்? நாமே கணக்கிட முடியுமா?

முடியும். உலகக் கடல்பரப்பு சுமார் 36.2 கோடி சதுர கி.மீ. எனவே கடல்மட்டம் 1 மி.மீ. உயர 362 கன கி.மீ. நீர் வேண்டும். 0.1 ஸ்வெர்ட்ரப் நீர் ஓராண்டு முழுவதும் ஓடினால் 3,150 கன கி.மீ. சேரும். அதாவது ஆண்டுக்கு 8.7 மி.மீ. கடல்மட்ட உயர்வு, நூறு ஆண்டுக்கு 87 செ.மீ. கணினி மாதிரிகளில் வட அட்லாண்டிக்கில் நன்னீர் ஊற்றிப் பார்க்கும் சோதனைகள் பெரும்பாலும் 0.1 முதல் 1 ஸ்வெர்ட்ரப் வரை உள்ள அளவுகளில் நடக்கின்றன. ஓர் ஆய்வறிக்கையில் '1 ஸ்வெர்ட்ரப், 100 ஆண்டு' என்று பார்த்தால் உடனே இந்தக் கணக்கைப் போடுங்கள்: கிட்டத்தட்ட 9 மீட்டர் கடல்மட்டம். அவ்வளவு பனி உண்மையில் அந்தக் காலத்தில் உருகியதா என்பதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

அப்படியானால் அதிகம் உருகினால் அதிகம் குளிரும், இல்லையா?

இல்லை. பலரும் தடுமாறும் இடம் இதுதான். நீரின் அளவைவிட அது எங்கே விழுந்தது, அப்போது கடல் எந்த நிலையில் இருந்தது என்பவையே விளைவைத் தீர்மானித்தன. மூன்று நிகழ்வுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விளங்கும்.

முதலாவது, 'உருகுநீர்த் துடிப்பு 1ஏ'. பார்படோஸ் பவளப்பாறைகளில் 1989-இல் முதலில் தெளிவாகத் தெரிந்தது. பிறகு தஹிதி பவளங்கள் அதன் காலத்தைத் துல்லியமாக்கின. சுமார் 14,650 ஆண்டுகளுக்கு முன் தொடங்கி ஏறக்குறைய 340 ஆண்டுகளில் கடல் 14 முதல் 18 மீட்டர் வரை உயர்ந்தது. மேலே சொன்ன கணக்கில் இது அரை ஸ்வெர்ட்ரப்புக்கும் சற்று அதிகம், அதுவும் மூன்று நூற்றாண்டுக்கு மேலாக. ஆனால் அதே காலத்தில்தான் வட அட்லாண்டிக் வட்டாரம் போலிங் என்னும் வெப்பக் கட்டத்தில் இருந்தது. அந்த நீரில் வட அமெரிக்காவின் பங்கு எவ்வளவு, அண்டார்டிகாவின் பங்கு எவ்வளவு என்ற வாதம் இன்னும் ஓயவில்லை.

இரண்டாவது, யங்கர் டிரையஸ்: 12,900 முதல் 11,700 ஆண்டுகளுக்கு முன் வரை, பன்னிரண்டு நூற்றாண்டுக் குளிர். கடல்மட்டத்தில் 1ஏ போன்ற பெரிய பாய்ச்சல் எதுவும் இதன் தொடக்கத்தில் இல்லை. மாறியது நீர் ஓடிய வழி. அதுவரை மிசிசிப்பி வழியாக மெக்சிகோ வளைகுடாவுக்குப் போய்க்கொண்டிருந்த உருகுநீர் வேறு பக்கம் திரும்பியது. வாலஸ் புரோக்கரும் உடனுழைத்தவர்களும் 1989-இல் செயின்ட் லாரன்ஸ் வழியைச் சொன்னார்கள். பின்னர் 2010-இல் மெக்கென்சி ஆற்றின் கழிமுகப் பகுதியில் வெள்ளச் சுவடுகள் கிடைத்தன. ஆர்க்டிக் வழிக்கு வலு கூடியது. நுண்ணிய கட்டங்கள் கொண்ட கடல் மாதிரிகளும் அதையே ஆதரித்தன: செயின்ட் லாரன்ஸிலிருந்து வரும் நீர் கரையை ஒட்டிய குறுகிய நீரோட்டமாகத் தெற்கே போய்விடுகிறது, ஆர்க்டிக்கிலிருந்து வருவதோ கிரீன்லாந்தின் கிழக்குக் கரை வழியே, நீர் மூழ்கும் இடத்துக்கே போய்ச் சேருகிறது.

மூன்றாவது, 8,200 ஆண்டுகளுக்கு முந்தையது. லாரன்டைடு விரிப்பின் கடைசி மிச்சம் ஹட்சன் விரிகுடாவில் அணைபோல நின்று, அகாசிஸ்–ஒஜிப்வே என்ற மாபெரும் ஏரியைத் தடுத்து வைத்திருந்தது. அது உடைந்ததும் ஏறத்தாழ 1,63,000 கன கி.மீ. நீர் வெளியேறியதாக ஒரு மதிப்பீடு. கடல்மட்டக் கணக்கில் இது வெறும் 45 செ.மீ. ஆனால் ஓராண்டில் போயிருந்தால் 5 ஸ்வெர்ட்ரப்! கிரீன்லாந்து சுமார் 3 டிகிரி குளிர்ந்தது. குளிர் ஏறக்குறைய 160 ஆண்டு நீடித்தது. ஏரி நீர் மட்டும் இத்தனை காலக் குளிருக்குப் போதாது என்று மாதிரிகள் சொல்கின்றன. ஹட்சன் விரிகுடாவின் மேல் இரண்டு பனிக் குவிமாடங்களை இணைத்திருந்த தாழ்வான பனிப்பகுதி வேகமாக உருகியதும் சேர்ந்தால்தான் கணக்குச் சரியாகிறது.

ஹைன்ரிக் நிகழ்வு என்பது என்ன?

ஜெர்மானிய ஆய்வாளர் ஹார்ட்முட் ஹைன்ரிக் 1988-இல் வடகிழக்கு அட்லாண்டிக்கின் ஆழ்கடல் வண்டலில் விநோதமான அடுக்குகளை விவரித்தார். சாதாரண ஆழ்கடல் சேறு ஃபோராமினிஃபெரா என்ற நுண்ணுயிர்களின் சுண்ண ஓடுகளால் நிறைந்திருக்கும். இந்த அடுக்குகளில் ஓடுகள் கிட்டத்தட்டக் காணாமல்போய், கரடுமுரடான கல்துகள்கள் நிறைந்திருந்தன. கரையிலிருந்து இவ்வளவு தூரத்துக்குக் கரடுமுரடான கல்லைச் சுமந்துவரக்கூடியது மிதக்கும் பனிப்பாறை மட்டுமே. அந்தப் பனிப்பாறை உருகியதும் அதிலிருந்த கல் அடியில் விழுகிறது. அந்தத் துகள்களில் கணிசமானவை சுண்ணக்கல்லும் டோலமைட்டும். ஹட்சன் விரிகுடாவின் அடித்தளப் பாறையும் அதுவே. லாப்ரடார் கடலில் தடித்துக் கிடக்கும் இந்த அடுக்குகள் கிழக்கே போகப் போகச் சில சென்டிமீட்டராக மெலிகின்றன.

கடைசிப் பனியுகத்தில் ஆறு பெரிய நிகழ்வுகள் உள்ளன. முதல் நிகழ்வு சுமார் 17,000–16,000 ஆண்டுகளுக்கு முன், இரண்டாவது 24,000, மூன்றாவது 31,000, நான்காவது 39,000, ஐந்தாவது 46,000, ஆறாவது 60,000 ஆண்டுகளுக்கு முன் என்ற அளவில் வருகின்றன. இடைவெளி பெரும்பாலும் ஏழாயிரத்தை ஒட்டி இருப்பதால், பனிவிரிப்பு தானாகவே பருத்து, அடிப்பகுதி இளகி, சரிந்து, மீண்டும் பருக்கும் என்ற விளக்கத்தை டக்ளஸ் மெக்அயீல் 1993-இல் முன்வைத்தார்.

அழகான விளக்கம்தான்; ஆனால் முழுமையானதல்ல. வண்டலை நுணுக்கமாகப் பார்த்தபோது, பல இடங்களில் கடல் முதலில் குளிர்ந்திருக்கிறது. பனிப்பாறைகள் பிறகே வந்திருக்கின்றன. சுழற்சி தளர்ந்தால் மேற்பரப்பு குளிரும், ஆனால் சில நூறு மீட்டர் ஆழத்தில் வெப்பம் வெளியேற வழியின்றித் தேங்கும். அந்த வெப்பம் பனிவிரிப்பின் கடல்முனையை அடியிலிருந்து அரித்து, பனிப்பாறைகளை அவிழ்த்துவிடுகிறது. அவை உருகிய நீர் சுழற்சியை மேலும் அழுத்தி, குளிரை நீட்டிக்கிறது. ஆகவே பனிப்பாறைப் படையெடுப்பைக் குளிரின் தொடக்கக் காரணமாக எழுதுவதைவிட, குளிரைப் பிடித்து நிறுத்திய கைகளாகப் பார்ப்பதே எங்கள் கணிப்பில் சரி.

டான்ஸ்கார்ட்–ஓஷ்கர் நிகழ்வுகளும் இதே காரணத்தாலா?

பாதிக்கு மேல் உறுதியாகச் சொல்ல முடியாது. வில்லி டான்ஸ்கார்ட், ஹான்ஸ் ஓஷ்கர் ஆகியோர் கிரீன்லாந்துப் பனி உருளைகளில் (விரிப்பைத் துளைத்து எடுத்த நீளமான பனித் தண்டுகளில்) கண்டவை இவை. கடைசிப் பனியுகத்தில் 25 வெப்பப் பாய்ச்சல்களுக்கு எண் கொடுத்திருக்கிறார்கள். சில பத்தாண்டுகளுக்குள் கிரீன்லாந்து 5 முதல் 16 டிகிரி வரை சூடேறி, பிறகு மெல்லக் குளிர்ந்து, கடைசியில் சட்டென்று விழும். கடல்பனி, உப்பு இருப்பு, பனிவிரிப்பின் உயரம் ஒவ்வொன்றுக்கும் ஆதரவான மாதிரிகள் உண்டு. வெளியிலிருந்து நன்னீர் ஊற்றாமலே தானாக ஊசலாடும் மாதிரிகளும் உண்டு. ஆனால் ஒன்று தெளிவு. பனிவிரிப்பு நடுத்தர அளவில் இருந்தபோதே இந்த ஊசலாட்டம் அடிக்கடி வந்தது. லாரன்டைடு விரிப்பு கரைந்துபோன பிறகு, கடந்த 8,000 ஆண்டுகளில், இப்படி ஒன்றுகூட இல்லை.

வடக்கு குளிர்ந்தபோது தென்துருவமும் குளிர்ந்ததா?

மாறாக, சூடேறியது. வடக்கே போக வேண்டிய வெப்பம் தென் அட்லாண்டிக்கிலேயே தங்கிவிடுகிறது. இருதுருவ ஊசல் என்று இதைச் சொல்வார்கள். கிரீன்லாந்தில் மாற்றம் செங்குத்தாகத் தெரியும். அண்டார்டிகாவில் மெல்லிய மேடாகத் தெரியும், ஏனெனில் நடுவே தென் பெருங்கடல் வெப்பத்தைச் சேமித்துத் தாமதமாக்குகிறது. மேற்கு அண்டார்டிகாவின் வைஸ் டிவைடு என்ற இடத்தில் எடுத்த பனி உருளை, 3,405 மீட்டர் ஆழம் கொண்டது, இந்தத் தாமதம் சராசரியாக 200 ஆண்டு என்று 2015-இல் காட்டியது. இரண்டு துருவங்களின் காலக்கணக்கை ஒன்றோடொன்று பொருத்த உதவுவது மீத்தேன்: காற்றில் அது விரைவில் உலகெங்கும் கலந்துவிடுவதால், இரு உருளைகளிலும் மீத்தேன் ஒரே நேரத்தில்தான் ஏறி இறங்கும்.

இந்தியாவின் பருவமழையைத் தொட்டதா?

தொட்டது, பலமாகவே. வட அட்லாண்டிக் குளிர்ந்தால் வெப்பமண்டல மழைப்பட்டை தெற்கே நகர்கிறது; இந்தியாவிலும் சீனாவிலும் கோடைப் பருவமழை மெலிகிறது. நான்ஜிங் அருகே உள்ள ஹுலு குகையின் சுண்ணப் படிவுகள் 2001-இல் இதைத் தெளிவாகக் காட்டின. மேகாலயாவில் சோரா (சிரபுஞ்சி) அருகே உள்ள மௌம்லு குகையிலும் அதே சுவடு. அதே சமயம் வடகிழக்குப் பிரேசில் மழையில் நனைந்தது. முதல் ஹைன்ரிக் நிகழ்வின் காலத்தில் கிழக்கு ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியும் தானா ஏரியும் வற்றின.

எல்லாவற்றையும்விடக் கண்ணுக்குத் தெரியும் சான்று அரபிக்கடலில் இருக்கிறது. பாகிஸ்தான் கரைக்கு அப்பால் எடுத்த வண்டல் உருளையை நீளவாக்கில் அறுத்து வைத்தால், சில பகுதிகளில் மெல்லிய கருவரிகள் தாள் தாளாக அடுக்கியிருக்கும். சில பகுதிகள் வரியே இல்லாமல் வெளிறிய ஒரே சேறாக இருக்கும். தென்மேற்குக் காற்று வலுவாக இருந்தால் ஆழ்நீர் மேலே வந்து, பாசி செழித்து, அது மடிந்து அழுகுவதில் நடுஆழத்தின் ஆக்சிஜன் தீர்ந்துவிடும். ஆக்சிஜன் இல்லாத இடத்தில் புழு வாழாது; அடுக்குகள் கலையாமல் நிற்கும். காற்று தளர்ந்தால் ஆக்சிஜன் திரும்பும்; புழுக்கள் சேற்றைக் குடைந்து வரிகளை அழித்துவிடும். இந்தக் கருமை–வெளிறல் வரிசை கிரீன்லாந்தின் வெப்பம்–குளிர் வரிசையோடு ஒத்துப்போவதை 1998-இல் வெளியான ஆய்வு காட்டியது.

இவை அனைத்தும் தென்மேற்குப் பருவமழையின் பதிவுகள். சென்னைக்கும் காவிரிக் கழிமுகத்துக்கும் மழை தரும் வடகிழக்குப் பருவத்துக்கு இந்த முடிவை அப்படியே பொருத்திவிடக் கூடாது.

பனியுகம் முடிந்ததிலேயே உருகுநீருக்குப் பங்கு உண்டா?

உண்டு என்பதே வலுவான கருத்து. வட கோளத்தின் கோடை வெயில் கூடியதும் பெரிய விரிப்புகள் உருகத் தொடங்கின, உருகுநீர் அமோக் சுழற்சியை அடக்கியது, வடக்கு குளிர்ந்தது, தெற்கு சூடேறியது, தென் பெருங்கடலின் ஆழத்தில் கிடந்த கரியமிலவாயு வெளியேறியது. பனியுக உச்சத்தில் பத்து லட்சத்தில் சுமார் 190 பங்காக இருந்த அந்த வாயு, தொழிற்புரட்சிக்கு முன் 280 பங்கு. அந்த ஏற்றத்தின் முதல் பெரும் கட்டம் முதல் ஹைன்ரிக் நிகழ்வின் காலத்தில் நடந்தது. இதற்கு முந்தைய பனியுக முடிவிலும், சுமார் 1,30,000 ஆண்டுகளுக்கு முன், இதேபோன்ற நீண்ட வடக்குக் குளிர்க் கட்டம் ஒன்று உள்ளது. வட அரைக்கோளத்தைத் தற்காலிகமாகக் குளிர்வித்த அதே நீர், உலகத்தைப் பனியுகத்திலிருந்து வெளியே தள்ளவும் உதவியிருக்கிறது.

இன்று கிரீன்லாந்து உருகுவதும் அந்த அளவுதானா?

செயற்கைக்கோள் ஈர்ப்பு அளவீட்டின்படி, 2002-க்குப் பிறகு கிரீன்லாந்து இழப்பது ஆண்டுக்குச் சராசரியாக 27,000 கோடி டன்னை ஒட்டிய பனி. ஸ்வெர்ட்ரப்பில் 0.009-க்கும் குறைவு, சோதனைகளின் கீழ் எல்லையான 0.1-இல் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் அது விழும் இடம் நீர் மூழ்கும் பகுதிக்கு அருகில். மழையும் வெப்பமும் அதே திசையில் தள்ளுகின்றன. ஐ.நா.வின் பருவநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் ஆறாவது அறிக்கை, இந்த நூற்றாண்டில் அமோக் தளர்வதற்கு வாய்ப்பு மிக அதிகம் என்றும், 2100-க்குள் திடீரென்று படுத்துவிடாது என்பதில் நடுத்தர நம்பிக்கை மட்டுமே உள்ளது என்றும் சொல்கிறது.

பனிப்பாறை கொண்டுவந்த துகளை ஆய்வகத்தில் எப்படி எண்ணுகிறார்கள்?

உருளையிலிருந்து 1 செ.மீ. துண்டை எடுத்து, உலர்த்தி, எடை பார்க்கிறார்கள். நீரில் ஊறவைத்து 63 மைக்ரோமீட்டர் சல்லடையில் கழுவினால் சேறு போய்விடும். மிஞ்சியதை உலர்த்தி 150 மைக்ரோமீட்டரில் சலித்து, மேலே நிற்பதை மட்டும் பிரிப்பானில் இட்டுப் பாதி பாதியாகக் குறைக்கிறார்கள். குறைந்தது 300 துகள்களாவது மிஞ்ச வேண்டும். நுண்ணோக்கியில் குவார்ட்ஸ், சுண்ணக்கல், எரிமலைக் கண்ணாடி, ஃபோராமினிஃபெரா ஓடு என்று தனித்தனியே எண்ணி, ஒரு கிராம் உலர் வண்டலுக்கு எத்தனை என்று எழுதுகிறார்கள். சதவீதம் மட்டும் எழுதினால் ஏமாந்துவிடுவோம்: கல் கூடாமல் ஓடுகள் குறைந்தாலும் கல்லின் சதவீதம் ஏறும்.

சுழற்சியின் வேகத்துக்கு வேறு அளவுகோல். யுரேனியம் சிதைந்து புரோடாக்டினியம்-231, தோரியம்-230 இரண்டும் கடல்நீரில் எப்போதும் 0.093 என்ற விகிதத்தில் உருவாகின்றன. தோரியம் விரைவில் அடியில் படிந்துவிடும். புரோடாக்டினியம் கூடுதல் காலம் நீரில் தங்குவதால் ஓட்டம் அதை வெளியே கொண்டுபோய்விடும். ஓட்டம் நின்றால் வண்டலில் விகிதம் 0.093-ஐ நெருங்கும். பெர்முடா மேட்டு வண்டலில் முதல் ஹைன்ரிக் நிகழ்வின்போது அப்படித்தான் நெருங்கியது என்று 2004-இல் வெளியானது.

இந்த முடிவுகளில் பிழை எங்கே நுழையும்?

காலக்கணக்கில்தான் அதிகம். புழுக்கள் மேல் 10 செ.மீ. வண்டலைக் கலக்கும். ஆயிரம் ஆண்டுக்கு 5 செ.மீ. படியும் இடத்தில் அது 2,000 ஆண்டைக் குழைத்துவிடும்; 160 ஆண்டு நிகழ்வை அங்கே தேடிப் பயனில்லை. கடல் ஓட்டின் கார்பன்-14 வயது வழக்கமாகச் சில நூறு ஆண்டு மூப்பாகக் காட்டும். முதல் ஹைன்ரிக் காலத்தில் வட அட்லாண்டிக்கில் இந்த மூப்பு ஆயிரத்தைத் தாண்டியிருக்கிறது. கார்பன் தேதிகள் 1950-இலிருந்தும் கிரீன்லாந்துப் பனித் தேதிகள் 2000-இலிருந்தும் பின்னோக்கி எண்ணப்படுவதால் 50 ஆண்டு வித்தியாசம் வேறு. ஓட்டில் உள்ள ஆக்சிஜன்-18 (ஆக்சிஜனின் கனமான வகை) குறைந்திருந்தால் அது உருகுநீராகவும் இருக்கலாம், வெப்பமாகவும் இருக்கலாம். அதே ஓட்டின் மக்னீசியம்–கால்சியம் விகிதத்தைக் கொண்டு வெப்பத்தின் பங்கைக் கழித்தால்தான் மிச்சம் நீருக்குரியது என்று சொல்ல முடியும். சிலிக்கா ஓடுள்ள டையட்டம் என்ற நுண்பாசி பெருகினாலும் புரோடாக்டினியம் அடியில் கூடுதலாகப் படியும். ஆகவே அந்த விகிதத்தோடு சிலிக்கா அளவும் கொடுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னும் பெரிய ஆபத்து, வரைபடங்களை ஒன்றோடொன்று இழுத்துப் பொருத்துவது. வண்டல் உருளைக்கு நேரடித் தேதி போதாதபோது, அதன் ஏற்ற இறக்கத்தைக் கிரீன்லாந்துக் கோட்டோடு ஒட்டவைத்து வயது தருவது வழக்கம். அப்படிச் செய்த பிறகு 'இரண்டும் ஒரே நேரத்தில் மாறின' என்று முடிவு சொன்னால், சொல்லி வைத்ததையே திரும்ப எடுப்பதாகும். ஓர் ஆய்வை வாசிக்கும்போது வயது அட்டவணைக்குப் போய், எந்தப் புள்ளிகள் கார்பன், யுரேனியம்–தோரியம் அல்லது எரிமலைச் சாம்பலால் தனியாகத் தேதியிடப்பட்டவை, எவை கோட்டைப் பார்த்து ஒட்டப்பட்டவை என்று பிரித்துக் கொள்ளுங்கள். எது முந்தியது, எது பிந்தியது என்ற வாதத்துக்கு முதல் வகை மட்டுமே செல்லும்.